ரியோஜி இக்கேடாவைக் கேட்கவும் பார்க்கவும் புறப்படுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரியோஜி இக்கேடா மின்னணு இசையமைப்பாளர், ஒலியையும் ஒளியையும் வைத்துப் பணி செய்யும் காட்சிக் கலைஞர். நான் முதன்முதலாகக் காசு கொடுத்து வாங்கிய அவருடைய குறுந்தகடு, 2005இல் வெளிவந்த 'டேட்டாபிளெக்ஸ்'. அதன் 20ஆவது தடத்துக்கு வந்ததும் என் பழைய பிளேயர் திக்கித் திக்கி நின்றுவிட்டது. கருவி பழுதாகிவிட்டதென்று நினைத்துத் தெருமுனைப் பழுதுபார்ப்புக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து, லென்ஸைப் பஞ்சால் துடைத்து, தன்னிடமிருந்த ஒரு பாட்டுத் தகட்டைப் போட்டுப் பார்த்தார். அது நன்றாகவே ஓடியது. இக்கேடாவின் தகட்டைப் போட்டதும் அதே இடத்தில் மறுபடியும் நின்றது. "மிஷின் நல்லா இருக்கு சார், உங்க தகடுதான் செத்துப் போச்சு" என்று சொல்லி, துடைத்ததற்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். பல மாதங்கள் கழித்துத்தான் அந்தத் தகட்டோடு வந்த எச்சரிக்கைக் குறிப்பைப் படித்தேன்: 20ஆவது தடத்தில் ஒளித்தகட்டு இயக்கிகளைச் சோதிக்கும் தரவு இருக்கிறது, சில கருவிகள் அதைப் படிக்க முடியாமல் தடுமாறலாம், ஆனால் கருவிக்குக் கேடில்லை என்று அதில் தெளிவாகவே எழுதியிருந்தது.

அந்த 300 ரூபாய் போனால் போகட்டும். அதற்குப் பிறகு தவறான நாளில் அருங்காட்சியக வாசலில் நின்றது, தேவையில்லாத ரயில் பாஸ் வாங்கியது என்று நான் இழந்தது அதைவிடப் பல மடங்கு அதிகம். புதிதாக வருகிறவர்கள் அந்தச் செலவையெல்லாம் தவிர்க்கலாம் என்பதற்காகவே, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

1. பெயர்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

இக்கேடா 1966இல் ஜப்பானின் கிஃபுவில் பிறந்தவர். பாரிஸிலும் கியோட்டோவிலும் இருந்து பணியாற்றுகிறவர். இந்தப் பயணத்துக்கு அவருடைய வாழ்க்கை வரலாறு இதற்கு மேல் தேவைப்படாது. தேவைப்படுவது, அவர் ஒரே பெயரைப் பல வேலைகளுக்கு வைப்பவர் என்ற விவரம்தான். 'டெஸ்ட் பேட்டர்ன்' என்பது 2008இல் வந்த ஓர் இசைத்தொகுப்பு. அதே பெயரில் அரங்கத்தில் நிகழும் கச்சேரி ஒன்று உண்டு. தரையிலும் சுவரிலும் கருப்பு வெள்ளைக் கோடுகள் பாயும் நிறுவல்கள், அதாவது ஓர் இடத்தையே நிரப்பி அமைக்கும் கலைப்பணிகள், அதே பெயரில் எண்ணிட்டு வரிசையாக உண்டு. எனவே டிக்கெட் வாங்கும் முன், நீங்கள் பார்க்கப் போவது உட்கார்ந்து கேட்கும் கச்சேரியா, நடந்து பார்க்கும் நிறுவலா என்று அறிவிப்பில் தேடிப் பாருங்கள். கச்சேரி பெரும்பாலும் ஓர் இரவோடு முடிந்துவிடும். நிறுவல் சில வாரமோ சில மாதமோ இருக்கும். தேதியை வைத்தே பாதியை ஊகித்துவிடலாம்.

இரண்டாவது குழப்பம் கூட்டுப் பணிகளைப் பற்றியது. 1994 முதல் கியோட்டோவின் 'டம்ப் டைப்' என்ற கலைக்குழுவில் இசையமைப்பாளராக அவர் செய்தவற்றைத் தேட வேண்டுமானால், அவர் பெயரோடு குழுவின் பெயரிலும் தேடுங்கள். ஜெர்மானிய மின்னணு இசைக்கலைஞர் கார்ஸ்டன் நிக்கோலாயோடு சேர்ந்து செய்தவை 'சைக்ளோ' என்ற பெயரில் இருக்கின்றன. ஜப்பானியக் கடைகளில் குடும்பப் பெயரே முதலில் வருமாதலால், அவரை 'ரி' வரிசையில் தேடாமல் 'இ' வரிசையில் தேட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2. கேட்கும் கருவியைச் சரிசெய்யாமல் ஒரு தொகுப்பும் வாங்காதீர்கள்

விலை உயர்ந்த கருவி வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேண்டியவை இரண்டே: கம்பியோடு கூடிய ஒரு சுமாரான ஹெட்போன், ஒரு அறையில் இடைவெளி விட்டு வைத்த இரண்டு ஸ்பீக்கர்கள். கைபேசியின் ஸ்பீக்கரில் இவரைக் கேட்பது முற்றிலும் வீண், ஏனென்றால் அடித்தளத்தில் ஓடும் தாழ்ந்த அதிர்வுகள் அதிலிருந்து வெளியே வருவதே இல்லை. அளவைக் குறைக்க அதிகம் சுருக்கிய, அதாவது குறைந்த பிட்ரேட் கொண்ட, எம்பி3 கோப்புகளும் அதே கதைதான். 128 கிலோபிட் கோப்புகளில் வழக்கமாக 16,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை வெட்டிவிடுவார்கள், குறுந்தகட்டிலோ ஏறத்தாழ 22,000 ஹெர்ட்ஸ் வரை இடமிருக்கிறது. மற்றவர்களுடைய இசையில் இந்த வெட்டு பலருக்குத் தெரியாமலே போகும். 1996இல் வந்த '+/-' தொகுப்பின் முடிவிலோ, ஓர் உயர்ந்த ஒலி நெடுநேரம் ஓடி, அது நின்ற பிறகுதான் அது இருந்ததே நமக்குத் தெரியவரும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் எது வெட்டுப்பட்டாலும் இழப்பு பெரியது.

ஸ்பீக்கர் ஏன் கட்டாயம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஓராண்டு முழுவதும் ஹெட்போனிலேயே கேட்டு, 2000இல் வந்த 'மேட்ரிக்ஸ்' தொகுப்பை ஒரே சலிப்பான ரீங்காரம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அதன் முதல் தகடு அறைகளுக்காகச் செய்யப்பட்டது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர்தான். ஆகவே சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் ஒன்றையொன்று கூட்டும் இடமும் அழிக்கும் இடமும் ஒரு விரற்கடை தூரத்தில் மாறி மாறி வருகின்றன. தலையைச் சற்றே சாய்த்தால் ஒலி மறைகிறது, எழுந்து ஜன்னலோரம் போனால் வேறொரு சுரம் எழுகிறது, அப்படியே நின்றால் அதுவும் உறைந்து நிற்கிறது. அந்தத் தகட்டை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே காபி ஆற்றிய ஒரு காலையில்தான் எனக்கு அது பிடிபட்டது: தாளம் தகட்டில் இல்லை, அறைக்குள் நகர்கிறவரின் காதில் இருக்கிறது. ஹெட்போனில் இது நடக்கவே நடக்காது.

ஓர் எச்சரிக்கை. ஒலியளவைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். முதல் நிமிடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை என்று கைப்பிடியைத் திருகிக் கூட்டி வைத்தால், அடுத்த நிமிடம் வரும் வெடிப்பில் காதும் ஸ்பீக்கரும் சேர்ந்து போகும். 'டெஸ்ட் பேட்டர்ன்' தகட்டின் கடைசித் தடத்தை அதிக ஒலியில் கேட்டால் கருவிக்கும் செவிப்பறைக்கும் ஆபத்து என்று வெளியீட்டாளர்களே அச்சடித்திருக்கிறார்கள். அதை விளம்பர உத்தி என்று நினைக்காதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மிக உயர்ந்த சில ஒலிகள் இயல்பாகவே கேட்காமல் போகும் என்பதையும் ஏற்றுக்கொண்டு, அவற்றைத் தேடி ஒலியைக் கூட்டாமல் இருக்க வேண்டும்.

3. கேட்கும் வரிசை

வெளிவந்த வரிசையில் தொடங்காதீர்கள். என் பரிந்துரை, 2013இல் வந்த 'சூப்பர்கோடெக்ஸ்' தொகுப்பிலிருந்து பின்னோக்கிப் போவது. அதில் தாளம் உண்டு, உடம்பு தானாக அசையும், முதல் முறை கேட்பவருக்குப் பிடிமானம் கிடைக்கும். அதன் மூலப்பொருள் 'டேட்டாபிளெக்ஸ்', 'டெஸ்ட் பேட்டர்ன்' ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டதாதலால், அடுத்து அவை இரண்டுக்கும் போகலாம். பிறகு '+/-', அதன் பின் 'மேட்ரிக்ஸ்'. 'மேட்ரிக்ஸ்' 2001இல் ஆஸ்திரியாவின் மின்னணுக் கலை அமைப்பான ஆர்ஸ் எலெக்ட்ரானிக்காவின் உயர்ந்த விருதான தங்க நிக்காவைப் பெற்றது என்பதற்காக அதிலேயே தொடங்குகிறவர்கள் பலர். அவர்களில் பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 2002இல் வந்த 'ஓப்.' தொகுப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மின்னணு ஒலி கிடையாது, முழுக்க நரம்பு வாத்தியங்கள். ஆனாலும் ஐந்து நிமிடத்துக்குள் இது அவருடையதுதான் என்று காது சொல்லிவிடும். 2022இல் வந்த 'அல்ட்ராட்ரானிக்ஸ்' தொகுப்பை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

4. குறுந்தகடு வாங்குதல்: விலை, சுங்கம், ரசீது

டிஜிட்டல் கோப்பாக வாங்குவதானால் சுருக்கப்படாத வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். தகடாகவே வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். தகட்டின் விலையோடு அஞ்சல் செலவு, இறக்குமதி வரி, அஞ்சலகம் வசூலிக்கும் கையாளும் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். நான் ஒவ்வொன்றாக மூன்று முறை வரவழைத்து, மூன்று முறையும் அஞ்சல் செலவாகவே ஒரு தகட்டின் விலையைக் கொடுத்தேன். மூன்றையும் ஒரே பொட்டலமாக வரவழைத்திருந்தால் அதில் பாதி மிஞ்சியிருக்கும். பொட்டலத்தின் மேல் ஒட்டப்படும் சுங்கப் படிவத்தில் பொருளின் பெயரும் விலையும் நீங்கள் கட்டிய ரசீதோடு ஒத்துப்போக வேண்டும். விற்பவரிடம் 'அன்பளிப்பு' என்று எழுதித் தரச் சொல்வது பயனற்ற தந்திரம்; இந்தியாவில் அன்பளிப்புப் பொட்டலங்களுக்கு இருந்த பழைய சலுகை எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது, பொட்டலம் சுங்கத்தில் தேங்குவதுதான் மிச்சம். தனியார் கூரியராக இருந்தால் ஆதார் போன்ற அடையாளச் சான்று கேட்டுக் குறுஞ்செய்தி வரும். அதற்கு உடனே பதில் சொல்லாவிட்டால் தேக்கக் கட்டணம் ஏறும்.

ஜப்பானுக்கே போகிறவர்கள் அங்கேயுள்ள பழைய இசைத்தகட்டுக் கடைகளில் வாங்குவது எல்லா வகையிலும் நல்லது. ஷின்ஜுகுவில் மட்டுமே அப்படிப்பட்ட பல கடைகள் உண்டு. அட்டையின் ஓரத்தில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டை இல்லாத தகடுகள் மலிவாகக் கிடைக்கும். சேகரிப்பவராக இல்லாவிட்டால் அதையே எடுங்கள், ஆனால் உள்ளே இருக்க வேண்டிய தாள்கள் இருக்கின்றனவா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். எச்சரிக்கை வாசகம் இல்லாமல் வாங்கினால் என் கதைதான் உங்களுக்கும். அந்நாட்டு நுகர்வு வரி 10 விழுக்காடு. வரிவிலக்குக் கடைகளில் ஒரே நாளில் 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்கும் சுற்றுலாப் பயணிக்கு அந்த வரி கிடையாது, ஆனால் அசல் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும்; நகல் செல்லாது. 2026 நவம்பர் 1 முதல் வரியோடு வாங்கி விமான நிலையத்தில் திரும்பப் பெறும் முறை வருகிறது, அதற்குப் பிறகு போகிறவர்கள், சுங்கத்தில் காட்டச் சொன்னால் எடுத்துக் காட்ட வசதியாக, தகடுகளைக் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

5. காட்சி எங்கே, எப்போது என்று கண்டுபிடித்தல்

இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன். இக்கேடாவின் காட்சிகள் தலைநகரங்களில் மட்டும் நடப்பதில்லை. 2009இல் டோக்கியோவின் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் பெரிய தனிக்காட்சி நடந்தது உண்மை. ஆனால் 'சூப்பர்சிமெட்ரி' 2014இல் யமகுச்சி நகரின் கலை, தகவல் மையத்தில்தான் முதலில் வந்தது, 2022இன் தனிக்காட்சி ஜப்பானின் முதன்மைத் தீவான ஹொன்ஷூவின் வடகோடியிலுள்ள ஹிரோசாகியில் நடந்தது. டோக்கியோவுக்கு விமானச்சீட்டு வாங்கிவிட்டு அதன் பிறகு காட்சியைத் தேடாதீர்கள். முதலில் காட்சியின் இடம், தொடக்க நாள், முடிவு நாள், பிறகே பயணம்.

ஒரு சில பணிகள் முன்னறிவிப்பே இல்லாமல் வந்து போகும். 2014 ஆகஸ்டில் லண்டனில் 49 தேடுவிளக்குகளை வானத்தை நோக்கி ஏற்றிய 'ஸ்பெக்ட்ரா', ஏற்றப்பட்ட பிறகுதான் ஊருக்கே தெரியவந்தது. ஒரு வாரத்தில் அணைந்தும்விட்டது. அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தின் திரைகளில் அவர் பணி இரவு 11:57க்குத் தொடங்கி நள்ளிரவில் முடிந்தது, ஓர் இரவுக்கு மூன்றே நிமிடம். இப்படிப்பட்டவற்றைத் துரத்தாதீர்கள், அந்த ஊரில் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஜப்பானிய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். திங்கள் பொது விடுமுறையாக வந்தால் அன்று திறந்து, மறுநாள் செவ்வாய் மூடுவார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போனதால், நான்கு மணி நேர ரயில் பயணத்துக்குப் பிறகு ஓர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிக் கதவில் என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நாட்காட்டியில் ஜப்பானிய விடுமுறைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நுழைவு முடியும் நேரமும் மூடும் நேரமும் வேறு வேறு, வழக்கமாக அரை மணி முன்பே சீட்டு தருவதை நிறுத்திவிடுவார்கள்.

கச்சேரிச் சீட்டு இன்னும் கடினம். பல விற்பனைத் தளங்கள் ஜப்பானியக் கைபேசி எண்ணைக் கேட்கும், சிலவற்றில் குலுக்கல் முறை உண்டு, பணத்தைக் குறித்த நாளுக்குள் அங்குள்ள சிறுகடை இயந்திரத்தில் கட்ட வேண்டியிருக்கும். அங்கே வசிக்கும் நண்பர் ஒருவர் இல்லாவிட்டால், வெளிநாட்டவருக்கென்று தனியாகச் சீட்டு விற்கும் விழாக்களையும் ஐரோப்பிய அரங்குகளையும் தேர்ந்தெடுப்பது மேல்.

6. ஜப்பான் விசா: ஆவணங்கள், கால அளவு

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இப்போது சுற்றுலாவுக்கு மின்விசா தரப்படுகிறது. ஒரு முறை நுழைவு, அதிகபட்சம் 90 நாள். விண்ணப்பம் விசா மையத்தின் வழியாகவே போகிறது. வேண்டியவை: நிரப்பிய விண்ணப்பம், அண்மையில் எடுத்த புகைப்படம், கடவுச்சீட்டு, நாள்வாரியான தங்கல் அட்டவணை, தங்குமிட முன்பதிவு, போக வர விமான முன்பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல் சான்று, வேலையில் இருந்தால் நிறுவனத்தின் கடிதம். இவற்றில் மக்கள் கோட்டைவிடுவது தங்கல் அட்டவணையில்தான். 'டோக்கியோவில் சுற்றிப்பார்த்தல்' என்று பத்து நாளுக்கும் ஒரே வரியை எழுதாமல், எந்த நாள் எந்த ஊர், எந்த அருங்காட்சியகம், எந்த விடுதி என்று எழுதுங்கள். அது விடுதி முன்பதிவோடு நாளுக்கு நாள் ஒத்துப்போக வேண்டும்.

விசா வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நுழைய வேண்டுமாதலால் மிக முன்கூட்டியே விண்ணப்பிப்பதும் தவறு. பயணத்துக்கு ஐந்து அல்லது ஆறு வாரம் முன்பு என்பது என் அனுபவத்தில் சரியான காலம். விசாக் கட்டணமும் மையத்தின் சேவைக் கட்டணமும் சேர்ந்தாலும் மற்ற நாடுகளை ஒப்பிடச் சிறு தொகைதான்.

பெரிய பொறி விமான நிலையத்தில் இருக்கிறது. மின்விசாவை இணைய இணைப்போடு கைபேசியில் நேரடியாகத் திறந்து காட்ட வேண்டும். அச்சிட்ட தாள், திரைப்பிடிப்பு, சேமித்த கோப்பு எதுவும் ஏற்கப்படாது. ஆகவே இறங்கும்போது வேலை செய்யும் ரோமிங்கோ மின்சிம்மோ கையில் இருக்கட்டும், கைபேசியில் மின்னேற்றமும் இருக்கட்டும்.

7. ரயில் கணக்கு

ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸின் விலை 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவிலிருந்து ஷின் அவோமோரி வரை அதிவேக ரயில், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் ஹிரோசாகி என்று போனால், ஒரு வழிக்கு ஏறத்தாழ 18,000 யென் ஆகும், போய்வர 36,000தான். அந்த ஒரு பயணத்துக்காகப் பாஸ் வாங்கி நான் 14,000 யென்னைத் தூக்கி எறிந்தேன். அதே வாரத்தில் மேற்கே யமகுச்சிக்கும் போய்த் திரும்புவதாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போதும், மிக வேகமான நொசோமி ரயிலில் அந்தப் பாஸ் தனியாகச் செல்லாது, கூடுதல் கட்டணம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

8. எப்போதும் இருக்கும் ஒரு பணி: ஹோபார்ட்

காட்சித் தேதிகளைத் துரத்த விரும்பாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவிலுள்ள மோனா அருங்காட்சியகம் 'ஸ்பெக்ட்ரா' பணியைத் தன்னிடம் நிரந்தரமாக வைத்திருக்கிறது. ஏழுக்கு ஏழாக நிறுத்திய 49 விளக்குகளின் ஒளி ஒரே தூணாக எழுந்து, ஹோபார்ட் நகரின் பல இடங்களிலிருந்தும் தெரியும். அதைத் தூரத்திலிருந்து பார்க்கக் கட்டணமே இல்லை. ஆனால் எல்லா இரவும் ஏற்றமாட்டார்கள், எந்த இரவு என்று அருங்காட்சியகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு விடுதியை முன்பதிவு செய்யுங்கள். டிசம்பரில் அங்கே இருட்டவே இரவு ஒன்பதைத் தாண்டும்; ஜூனில் மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆனால் குளிர் எலும்பைத் தொடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் ஜூனையே சொல்வேன். செலவில் முன்கூட்டியே கணக்கிட வேண்டியது விசா: இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஆஸ்திரேலியச் சுற்றுலா விசா ஏறத்தாழ 200 ஆஸ்திரேலிய டாலர், ஜப்பானோடு ஒப்பிடவே முடியாது.

9. அரங்குக்குள் நுழையும் நாள்

வலிப்பு நோய் உள்ளவர்கள், ஒளிச் சிமிட்டலால் தலைவலி வருகிறவர்கள் போகக் கூடாது. இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. 'டெஸ்ட் பேட்டர்ன்' நிறுவல்களின் சில பகுதிகளில் படங்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கில் மாறுகின்றன. சிறு குழந்தைகளுக்குக் காதுமூடி கொண்டு போங்கள். பெரியவர்களுக்கும் பஞ்சுக் காதடைப்பான் ஒரு ஜோடி சட்டைப்பையில் இருக்கட்டும், முப்பது ரூபாய்ச் செலவுதான்.

தரையில் படம் விழும் நிறுவல்களில் சில இடங்களில் காலணியைக் கழற்றச் சொல்வார்கள், ஆகவே ஓட்டையில்லாத காலுறை அணிந்து போவது மானத்துக்கு நல்லது. கைபேசியில் படம் பிடிக்க முயலாதீர்கள். கோடுகள் மாறும் வேகத்துக்குக் கேமரா ஈடுகொடுக்காமல், திரையில் குறுக்குப் பட்டைகள்தான் பதியும். ஒரு சுற்று முடிந்ததும் வெளியேறிவிடாமல் இடம் மாறி நின்று இரண்டாம் சுற்றையும் பாருங்கள். சுவரோரம் ஒரு முறை, நடுவில் ஒரு முறை. தரையிலேயே உட்கார அனுமதித்தால் உட்காருங்கள். நான் போன அரங்கில் மூன்றாம் சுற்றின்போது ஒரு பாட்டி வெள்ளைத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தன் மேல் ஓடிய கோடுகளைக் கையை உயர்த்திப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், காவலர் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் திறந்த முதல் அரை மணி நேரத்தில் போனால் அப்படிப் படுக்க இடம் கிடைக்கும்.